ஜாடியில் உப்பு ஏன் நீர் விடுகிறது?

கேள்வி: வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்திலிருந்து வாங்கி வைத்த கல்லுப்பு, ஐப்பசி பிறந்ததும் ஜாடியில் நீர் விட்டுவிடுகிறது. பாக்கெட்டில் வரும் தூளுப்பு அப்படி ஆவதில்லை. கல்லுப்பில் ஏதும் குறையா? இதைக் கருவாடு போடப் பயன்படுத்தலாமா?
– வாசகி ஒருவர், ஏர்வாடி.

பதில்: நீங்கள் பார்க்கும் நீருக்குப் பெரும்பாலும் காரணம், உப்போடு ஒட்டிவந்த மக்னீசியம் குளோரைடு. சுத்தமான உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். கடற்காற்று வீசும் நம் ஊர்களில் அது வறண்டு கிடக்க வாய்ப்பே இல்லை. தூளுப்பில் கட்டி பிடிக்காமலிருக்க ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அடைமழையில் திறந்து வைத்தால் அதுவும் இளகத்தான் செய்யும்.

பாத்தியில் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிகின்றன. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. ஏறத்தாழ 29 டிகிரியை எட்டியதும், மக்னீசியம் மிகுந்து எஞ்சிய கசப்புநீரை வடித்து வெளியேற்றிவிட வேண்டும்; வடிக்காமல் அதிலேயே விளையவிட்டு வாரினால், அந்தக் கசப்பு ஒவ்வொரு கல்லிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடுகிறது. குவித்து வைத்து நன்கு வடியவிட்ட பழைய உப்பு புது உப்பைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

வீட்டிலேயே இதைச் சரிசெய்யலாம். உப்பைத் துணியில் முடிந்து, ஒரு கிண்ணத்துக்கு மேலே இரண்டு மூன்று நாள் தொங்கவிடுங்கள். சொட்டி நிற்கும் நீரை விரல் நுனியால் தொட்டு நாவில் வைத்துப் பாருங்கள். கரிப்போடு கசப்பும் தெரியும். பிறகு வெயிலில் உலர்த்தி, பீங்கான் ஜாடியில் இறுக மூடி, மரக்கரண்டியால் எடுத்துப் புழங்குங்கள்.

அன்றாடச் சமையலுக்கு மட்டும் அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். வீட்டில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருந்தால் இதில் தயக்கமே வேண்டாம். அயோடின் கலந்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது.

கருவாட்டுக்கு உங்கள் கல்லுப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், வடித்து உலர்த்திய பிறகு. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த உப்பு மீனின் சதைக்குள் மெதுவாகத்தான் இறங்கும். மீன் வெளுப்பாகவும் விறைப்பாகவும் தெரிவதால் நன்றாகக் காய்ந்ததாகத் தோன்றும். ஆனால் அது எளிதில் நொறுங்கும், குழம்பில் கசக்கும். போதாததற்கு, எடுத்து வைத்த கருவாடு மழைக்காலத்தில் மறுபடியும் ஈரம் கோத்துக்கொள்ளும். பெரிய மீனாக இருந்தால், உப்பு உள்ளே இறங்குவதற்குள் முள்ளையொட்டிய சதை கெட்டுவிடக்கூடும் என்பதால், முதுகைக் கீறி விரித்து, அந்த இடத்தில் உப்பைக் கையால் அழுத்தித் தேயுங்கள்.