பாஸ்கோட் மறந்த ஐபோனை, உள்ளே இருப்பது அழியாமல் திறக்க முடியுமா?

கேட்டவருடைய நிலைமை இது: பாஸ்கோட் மறந்துவிட்டது, நாலைந்து முறை தப்பாக அழுத்தியதில் ஐபோன் பூட்டிக்கொண்டது, கடைக்காரர் ஒருவர் காசு கொடுத்தால் போட்டோ போகாமல் திறந்து தருகிறேன் என்கிறார்.

முதலில் போனைக் கீழே வையுங்கள். இன்னொரு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டாம். கடைக்கும் போக வேண்டாம். ஒன்றே ஒன்றை யோசித்துச் சொல்லுங்கள்: அந்த பாஸ்கோடை எப்போது வைத்தீர்கள்? மாற்றி மூன்று நாள்கூட ஆகவில்லை என்றால் உங்களுக்கு யோகம்தான்.

இங்கே சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கும் என் மாமியாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவரிடம் இருப்பது என் மனைவி பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஐபோன் எஸ்இ, வட்டப் பொத்தானில் கட்டைவிரல் வைக்கும் மாடல். பாஸ்கோடாக வீட்டு அஞ்சல் குறியீட்டை வைத்திருந்தார். இங்கே அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம், பாஸ்கோடும் ஆறு இலக்கம் என்பதால் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் செய்கிற வேலைதான் இது. வீட்டுக்குப் பார்சல் கொண்டுவருகிற ஆளுக்குக்கூடத் தெரிந்த எண்! பேரனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் போனைத் திறந்து விளையாடிக்கொண்டிருந்ததைப் பிடித்துவிட்டார். உடனே கோபத்தில் எண்ணை மாற்றினார். சனிக்கிழமை முழுக்க கட்டைவிரலிலேயே காலம் ஓடியது. ஞாயிறு மத்தியானம் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. திரும்ப உயிர் வந்ததும் விரலை ஏற்றுக்கொள்ளாமல் எண்ணைக் கேட்டது.

அணைந்து எழுந்தாலும் சரி, 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தாலும் சரி, ஐபோன் விரலையோ முகத்தையோ நம்பாது, பாஸ்கோடைத்தான் கேட்கும். மற்ற நாளெல்லாம் விரலால் திறந்து பழகிவிட்டு, எண் தேவைப்படுகிற அன்று விழிக்கிறோம். என்னைக் கேட்டால், மறதிக்கு வயதைவிட இந்தச் சௌகரியம்தான் பெரிய காரணம்.

மாமனாரின் போனிலிருந்து மாமியார் என்னைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, கல்யாண நாள் போட்டேன், பொண்ணு பிறந்த நாள் போட்டேன், புளோக் நம்பர் போட்டேன், ஒண்ணும் ஆகல. இப்ப பதினஞ்சு நிமிஷம் பொறுத்து வரச் சொல்லுது."

அது அப்படித்தான். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று தண்டனை ஏறிக்கொண்டே போகும், கடைசியில் முழுசாகப் பூட்டிக்கொள்ளும். ஆறு இலக்கத்தில் மொத்தம் ஒரு மில்லியன் எண்கள் உண்டு. ஒரு எண்ணைச் சரிபார்க்க போனுக்குள் இருக்கும் சிப்புக்கு சுமார் 80 மில்லிசெகண்ட் போதும். காத்திருக்கச் சொல்லாமல் விட்டால் ஒரு கருவியை மாட்டி 22 மணி நேரத்தில் எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்துவிடலாம். எரிச்சலாக இருந்தாலும் பாதுகாப்பே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

நான் போய்ச் சேர்வதற்குள் சும்மா ஒரு முறை அவர் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். "போன் அடிக்குது, ஆனா உங்க பேரு வரல, வெறும் நம்பர்தான் வருது" என்றார். அணைந்து எழுந்த போனில் பாஸ்கோடை ஒருமுறை அழுத்தும்வரை தொடர்பு எண்கள்கூடப் பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்கும். வைஃபையிலும் அது தானாகச் சேராது. வழியில் இதை நினைக்கும்போதுதான், மாற்றியது வெள்ளி ராத்திரி என்று அவர் சொன்னது உறைத்தது.

ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 17ஆம் பதிப்பு வந்ததிலிருந்து, அதாவது 2023 செப்டம்பரிலிருந்து, ஒரு சலுகை இருக்கிறது. பாஸ்கோடை மாற்றி 72 மணி நேரத்துக்குள் என்றால் பழைய பாஸ்கோடே கைகொடுக்கும். பூட்டிக்கொண்ட திரையின் அடியில் 'ஃபர்காட் பாஸ்கோட்' என்று வரும். அதைத் தொட்டால் 'என்டர் ப்ரீவியஸ் பாஸ்கோட்' என்று இருக்கும். பழைய எண்ணைக் கொடுத்ததும் புதிதாக ஒன்றை வைக்கச் சொல்லும். உள்ளே எதுவும் அழியாது. மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அதே அஞ்சல் குறியீட்டை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிச் சொல்லி அழுத்தினார். திறந்துகொண்டது. செட்டிங்ஸில் பழைய எண்ணை உடனே செல்லாததாக்கும் வசதியும் உண்டு. அதை முன்பே அழுத்தியிருந்தால் இந்த வழி அடைத்திருக்கும்.

மூன்று நாள் தாண்டிவிட்டதென்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: திறக்க முடியாது, அழித்துவிட்டு மறுபடி தொடங்கத்தான் முடியும். அதே 'ஃபர்காட் பாஸ்கோட்' வழியாகப் போய், ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து அழிக்கலாம். இணையம் வேண்டும், சிம்மில் டேட்டா இருக்கட்டும். இல்லையென்றால் கணினியில் மாட்டி, 'ரெக்கவரி மோட்' என்கிற மீட்பு நிலைக்குக் கொண்டுபோய் அழிக்க வேண்டும். எந்த வழியில் அழித்தாலும் பழைய ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் பெரும்பாலும் தேவைப்படும். வீட்டில் ஒருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த போன் என்றால் யாருடைய கணக்கு என்று இப்போதே விசாரித்து வையுங்கள். மாமியார் போனில் இருந்தது என் மனைவியின் பழைய கணக்கு, கடவுச்சொல் அவளுக்கே நினைவில்லை. ஐகிளவுட்டில் பேக்கப் இருந்தால் போட்டோக்கள் திரும்பும். இலவச இடம் 5 ஜிபிதான் என்பதால் பலருக்கு அது எப்போதோ நின்றுபோயிருக்கும்.

இப்போது கடைக்காரர் விஷயம். 2019இல் என் ஆண்ட்ராய்டு போனுக்கு இதே கதை. ஒரு கடையில் "டேட்டா போகாது பாஸ், ஒரு மணி நேரம்" என்றார்கள், எண்பது வெள்ளி வாங்கினார்கள். பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, எல்லாவற்றையும் அழிக்கிற ஃபேக்டரி ரீசெட் செய்ததுதான் அவர்கள் செய்த வேலை. திரும்பக் கையில் வந்த போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நின்றது. அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த இரண்டு வார போட்டோக்கள் போயின. அதற்கடுத்த வருடம் அப்பாவும் இல்லை. ஆர்ச்சர்ட் ரோட்டிலோ சாங்கி விமான நிலைய ஜுவலிலோ உள்ள ஆப்பிள் கடைக்கே போனாலும் உங்களுக்கு அழித்துத்தான் தருவார்கள். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

அழிப்பதென்று முடிவானால் நாளைப் பார்த்துச் செய்யுங்கள். 2021 கடைசியில் நடந்த குறுஞ்செய்தி மோசடிகளுக்குப் பிறகு, பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யப் போனில் புதிதாகப் போடுகிற வங்கி டிஜிட்டல் டோக்கன் வேலை செய்யக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும். அதுவரை டோக்கன் தேவைப்படுகிற பணப் பரிமாற்றம் எதுவும் நடக்காது. அரசுச் சேவைகளுக்கு நுழையும் சிங்பாஸையும் முதலிலிருந்து பதிய வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டாம் பூட்டாக ஆறு இலக்க எண் வைத்து, மின்னஞ்சலும் கொடுக்காமல் மறந்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். வாடகை கட்டுகிற அன்று இதில் கை வைக்காதீர்கள். அவசரம் என்றால் பூட்டிய போனிலிருந்தே ஆம்புலன்ஸுக்கு 995, போலீஸுக்கு 999 அழைக்கலாம்.

மாமியார் மறந்த எண் என்னவென்று புதன்கிழமை தெரிந்தது. கல்யாணமான புதிதில் குடியிருந்த தோ பாயோ வீட்டின் அஞ்சல் குறியீடாம், கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறார். "பேரன் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு பார்த்தேன் மாப்பிள்ளை" என்றார். இப்போதைய எண் அஞ்சறைப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. பேரன் அந்தப் பக்கம் போவதே இல்லை.