வகுப்புக் குழுவில் போட்ட வொய்ஸும் வீட்டுக்கு வந்த சட்டத்தரணிக் கடிதமும்

கேள்வி: வவுனியா நகரில் இருக்கிறோம். மகள் நகரத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 5 படிக்கிறாள், இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. வகுப்புத் தாய்மாருக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது, 38 பேர். ஸ்மார்ட் போர்ட் வாங்கவென்று ஆளுக்கு 15,000 ரூபா கேட்டார்கள். தவணையில் தருகிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து, காசு கொடுக்காத ஆறு பிள்ளைகளின் பெயரைக் குழுவில் போட்டார்கள். அன்றிலிருந்து படலையடியில் என்னோடு ஒருவரும் கதைப்பதில்லை. பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதையும் கூப்பிட்டுவிட்டு என் பிள்ளையை விட்டார்கள். நடனத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஆத்திரத்தில் குழுவில் ஒரு வொய்ஸ் போட்டேன். இப்போது காசு சேர்த்த பெண் 50 இலட்சம் நட்டஈடு கேட்டு, 14 நாள் தவணையோடு சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறார். நான் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன், இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். குழு அட்மினை நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் உள்ளே போட முடியுமா? மன உளைச்சலுக்கு நான் வழக்குப் போட முடியுமா?
– ஒரு தாய், வவுனியா

பதில்: உங்கள் ஐந்து பக்கக் கடிதத்தையும் வாசித்தேன். கூடவே அனுப்பிய வொய்ஸை இரண்டு தரம் கேட்டேன். கடிதத்தில் நாலே முக்கால் பக்கம் அவர்கள் உங்களுக்குச் செய்தது. வொய்ஸைப் பற்றி நீங்கள் எழுதியது மூன்று வரி. நீதிமன்றத்தில் இது தலைகீழாகும். அந்த மூன்று வரியைத்தான் அங்கே நாள் முழுக்கக் கதைப்பார்கள்.

பிறந்தநாளுக்குக் கூப்பிடாதது சட்டத்தில் குற்றமும் இல்லை, நட்டஈடு கேட்கக்கூடிய தீங்கும் இல்லை. படலையடியில் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அப்படித்தான். பெயர்ப் பட்டியல் போட்டது கேவலமான வேலை. ஆனால் அதிலிருந்த செய்தி உண்மை, நீங்கள் அன்றைக்குக் காசு கொடுத்திருக்கவில்லை. நடனத்தை அதிபரிடமும், அங்கே சரிவராவிட்டால் வலயக் கல்விப் பணிமனையிலும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் உங்கள் மகளுக்குச் சொன்னதைப் பொலிஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியதிலிருந்து 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. இவை உங்களுக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் இரவில் அழுவதை எழுதிய இடத்தில் நானும் நின்றுதான் வாசித்தேன். ஆனால் இவற்றை வைத்து வழக்கு எழுத என்னிடம் வந்தால், காசை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இனி வொய்ஸ். 3 நிமிடம் 40 விநாடி. முதல் இரண்டு நிமிடம் நீங்கள் கணக்குக் கேட்கிறீர்கள்: எவ்வளவு சேர்ந்தது, எந்தக் கணக்கில் போட்டீர்கள், பற்றுச்சீட்டு எங்கே. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேட்ட இடத்தில் இருந்தவர்களும் அதே காசைக் கொடுத்த பெற்றோர். பிறகு "இவ அந்தக் காசை அடிச்சிட்டா, எல்லாருக்கும் தெரியும்" என்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தாலும் உங்கள் சட்டத்தரணிக்கு வாதாட இடம் இருந்திருக்கும். ஆனால் 2 நிமிடம் 10 விநாடியில் அந்தப் பெண்ணின் புருசன் வெளிநாட்டில் இருப்பதையும், அவர் இல்லாத வீட்டுக்கு யார் வந்துபோகிறார் என்பதையும் பற்றி ஒரு வசனம் சொல்கிறீர்கள்.

அந்த ஒரு வசனம்தான் உங்கள் வழக்கு.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் சட்டத்தில் அவதூறு என்பது உரோம டச்சுச் சட்டத்தின் வழி வந்தது. சொன்னதும், அது மற்றவர்களின் காதில் விழுந்ததும், பேரைக் கெடுப்பதாக இருந்ததும் நிரூபணமானால், கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகச் சட்டம் ஊகிக்கும். அதை உடைக்கும் பாரம் சொன்னவரின் தலையில். "உண்மையைத்தானே சொன்னன்" என்பது மட்டும் போதாது. அது உண்மை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், அதைச் சொன்னதால் பொதுநன்மை இருந்ததென்றும் காட்ட வேண்டும். "எல்லாருக்கும் தெரியும்" என்பது சாட்சிக் கூண்டில் ஒன்றுக்கும் உதவாது. அந்த எல்லாரில் ஒருவர்கூட உங்களுக்காக நீதிமன்றப் படி ஏறமாட்டார்.

இதற்கு எதிராகச் சட்டம் ஒரு கவசம் வைத்திருக்கிறது. கேட்க உரித்துள்ளவரிடம், அந்த விடயத்தில் அக்கறை உள்ளவரிடம், நல்லெண்ணத்தோடு சொன்ன முறைப்பாடு பிழையாகப் போனாலும் பாதுகாப்பு உண்டு. காசைப் பற்றி நீங்கள் சொன்ன அதே சொற்களை அதிபருக்கோ வலயக் கல்விப் பணிப்பாளருக்கோ கடிதமாக எழுதியிருந்தால் இந்த 50 இலட்சக் கடிதம் வந்திருக்காது. பெற்றோர் குழுவுக்குள்ளும் அந்தக் கவசத்தைப் பிடிக்கப் பார்க்கலாம், எல்லாரும் காசு கொடுத்தவர்கள்தானே. ஆனால் கெட்ட எண்ணம் வெளிப்பட்டால் கவசம் கழன்றுவிடும். ஸ்மார்ட் போர்ட்டுக்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு யார் வந்துபோகிறார் என்பதற்கும் என்ன தொடர்பு? உங்களால் பதில் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மற்றப் பக்கச் சட்டத்தரணி இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் சுருக்கமாகவே பதில். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், ஒருவரைத் தொந்தரவு செய்யும் நோக்கோடு அவருடைய தனிப்பட்ட தகவலை வெளியிடுவது குற்றம். அந்தப் பட்டியலை அதற்குள் இழுக்கப் பார்க்கலாம். ஆனால் நாலாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: கனடாவில் இருக்கும் தம்பி கோபத்தில் பேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார், அந்தப் பெண் மகளோடு நிற்கும் படத்தையும் சேர்த்துப் போட்டார் என்று. பாடசாலைச் சீருடையில் நிற்கும் ஒரு சின்னப் பிள்ளையின் படம். அந்தச் சட்டத்தை நீங்கள் கையில் எடுத்தால் அது முதலில் உங்கள் குடும்பத்தைத்தான் வெட்டும். மன உளைச்சலுக்கான வழக்கைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றுகூட நான் சொல்லமாட்டேன். வேண்டாம்.

அவர்கள் பக்கத்திலிருந்து "ரிமாண்டில போடுவம்" என்று வருகிற பேச்சுக்கும் பயப்பட வேண்டாம். அவதூறு குற்றமாக இருந்த அத்தியாயத்தை 2002இலேயே தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவதூறுக்கு அவர்களிடம் இருப்பது சிவில் வழக்கு, மாவட்ட நீதிமன்றத்தில், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 14 நாள் என்பது அவர்கள் போட்ட கெடு, சட்டம் போட்டதில்லை. 50 இலட்சமும் கேட்பதுதான். கேட்ட தொகை முழுவதையும் கொடுத்த அவதூறுத் தீர்ப்பு ஒன்று என் கைக்கு இதுவரை வந்ததில்லை. ஆனால் தவணை தவணையாக நீங்கள் ஏறி இறங்கும்போது உங்கள் மகள் சாதாரண தரத்துக்கு வந்திருப்பாள். கையேட்டுக்குக் கொடுக்க வேண்டிய காசு என் போன்றவர்களுக்கு வந்துகொண்டிருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். நான் பார்த்த மூன்று குழிகளையும் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றின் விளிம்பில் நீங்கள் ஏற்கனவே நிற்கிறீர்கள்.

பொலிஸ். இப்படியான முறைப்பாட்டுக்குப் பொலிஸாருக்கு லேசான வழி ஒன்று இருக்கிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 81ஆம் பிரிவு. சமாதானம் குலையலாம் என்று சொல்லி இரண்டு பகுதியையும் நீதவான் முன்னால் நிறுத்துவார்கள். முறைப்பாட்டுக்காரியாகப் போன நீங்கள், சண்டை சச்சரவுக்குப் போகமாட்டேன் என்று பிணைமுறி எழுதும் ஆளாக வெளியே வருவீர்கள். பிறகு குழுவில் ஒரு வாய்த்தர்க்கம் வந்தாலும் பிணைமுறியை மீறியதாகக் கதை வரும். இன்னொன்று, நீங்கள் கொடுத்த முறைப்பாட்டில் "அந்த வொய்ஸ் நான்தான் போட்டது" என்று சொல்லியிருக்கிறீர்கள். அதன் பிரதியை எடுத்து மாவட்ட நீதிமன்றத்தில் போட்டால், குரல் யாருடையது என்று நிரூபிக்கும் வேலை அவர்களுக்கு மிச்சம். கூப்பிட்ட நாளுக்குக் கட்டாயம் போங்கள், ஒரு சட்டத்தரணியோடு போங்கள். புதிதாக ஒரு வசனமும் சேர்க்க வேண்டாம். பொலிஸ் நிலையத்திலேயே வெள்ளைத்தாளில் எதையாவது எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னால், வாசித்துப் பார்த்துத் தேவையென்றால் மறுங்கள்.

இரண்டாவது, மன்னிப்பு. சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் வந்தா. இதே மாதிரி ஒரு குழு, இதே மாதிரி ஒரு சண்டை. சொந்தக்காரர் எல்லாரும் "ஒரு சொறி சொல்லிவிடு பிள்ளை, முடிஞ்சுபோம்" என்று சொல்ல, இரவு பதினொரு மணிக்குக் குழுவில் எழுதினா: "நான் சொன்னதெல்லாம் பொய், என்னை எல்லாரும் மன்னிக்க வேணும்." மனச்சாட்சியோடு எழுதியதுதான். அடுத்த மாதம் வந்த வழக்கில் அந்த மன்னிப்பின் ஸ்கிரீன் ஷொட்டை ஆவணமாக இணைத்திருந்தார்கள். சொன்னது பொய் என்று பிரதிவாதியே ஒப்புக்கொண்ட பிறகு அவவுக்காக நான் என்னத்தை வாதாடுவது? அந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் இருந்து, "நல்லது எண்டுதானே அக்கா செய்தனான்" என்று அழுதா. மன்னிப்புக் கேட்பது நல்ல காரியம். அதை எழுதும் ஒழுங்கு பிழைத்தால் உங்களையே அது கட்டிப்போடும்.

மூன்றாவது, பிள்ளை. "ஆசிரியர் என்ட பிள்ளையைக் கொடுமைப்படுத்தினார்" என்று சேர்த்துவிட்டால் வழக்குப் பலக்கும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார், கடைசிப் பக்கத்தில் தெரிகிறது. ஆசிரியரோ அதிபரோ பிள்ளையை அடித்திருந்தால், எல்லாருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்திக் காசைக் கேட்டு அவமானப்படுத்தியிருந்தால், இன்றைக்கே சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், நானும் உங்களோடு நிற்பேன். நடக்காவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அப்படிச் சேர்த்த ஒரு குடும்பத்தில், பிள்ளையைப் பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவில் இருத்திக் கேட்டபோது அவள் சொன்னது: "ரீச்சர் ஒண்டும் சொல்லேல்ல, அம்மாதான் ஒவ்வொரு நாளும் கேக்கிறவ." பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பொய்யைச் சுமக்கக் கொடுத்தால் அவள் எங்காவது இறக்கி வைத்துவிடுவாள். பரீட்சைக்கு முந்திய மாதங்களில் உங்கள் மகள் பொலிஸ் நிலைய வாங்கில் இருக்கக்கூடாது என்பதுதான் இந்தக் கடிதம் முழுக்க எனக்கிருக்கும் கவலை.

ஆகவே சமாதானம் பண்ணுங்கள். கேட்கப் பிடிக்காது என்று தெரியும். சரி உங்கள் பக்கம் இருக்கிறபோது நான் ஏன் இறங்க வேண்டும் என்பீர்கள். முதல் இரண்டு நிமிடத்துக்குச் சரி உங்கள் பக்கம், மீதி ஒன்றரை நிமிடத்துக்கு இல்லை. அந்தப் பெண்ணுக்கும் இந்த வழக்கு நல்லதில்லை. நடத்தினால் அவர் சாட்சிக் கூண்டில் ஏறிக் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

அந்தக் கணக்கைத்தான் உங்கள் பக்கத்துப் பலமாக வைத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பாடசாலைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்: ஸ்மார்ட் போர்ட்டுக்குச் சேர்த்த காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா, எவ்வளவு, எந்தப் பற்றுச்சீட்டு. குற்றச்சாட்டு ஒரு சொல்லும் வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சங்கக் கணக்கில் இருக்கிறதென்றால் நீங்கள் சொன்னது பிழை, விரைவாக இறங்குங்கள். "அப்படி ஒரு காசு எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால், யாரோ தன் சொந்தக் கணக்கில் வாங்கியிருக்கிறார். அது களவு என்று அர்த்தமில்லை, பொருள் வாங்கியும் இருக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கும்போது மற்றப் பக்கத்தின் குரல் தணியும். அதைக் குழுவில் போடாதீர்கள், உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

சமாதானத்தை மத்தியஸ்த சபையில் செய்யலாம். சட்டத்தரணிமார் அங்கே தோன்ற முடியாது, நீங்களே பேச வேண்டும். பலருக்கு அது பயம். உங்கள் விடயத்தில் அது நல்லது என்பேன், இரண்டு தாய்மார் நேருக்கு நேர் இருந்து கதைத்தால் பாதி அங்கேயே கரையும். முடியாவிட்டால் இரு பக்கச் சட்டத்தரணிமாரும் எழுத்தில் செய்யட்டும். எழுத்துக்குள் வர வேண்டியவை: அவர் வீட்டைப் பற்றிச் சொன்னதை முழுதாக மீளப்பெற்று வருத்தம் தெரிவிக்கிறீர்கள். காசைப் பற்றிச் சொன்னதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லாததால் அதையும் மீளப்பெறுகிறீர்கள், "பொய்" என்ற சொல் வரக்கூடாது. பதிலுக்கு அவர் வழக்குப் போடுவதில்லை என்று கையெழுத்து வைக்கிறார், பட்டியல் குழுவிலிருந்து நீங்குகிறது, வொய்ஸை இரு பக்கமும் இனி ஒருவருக்கும் அனுப்புவதில்லை. அவர் கையெழுத்து வைத்த பிறகுதான் உங்கள் வாசகம் குழுவுக்குப் போக வேண்டும். அதுவரை போய்வருகிற கடிதம் ஒவ்வொன்றின் தலையிலும் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று இருக்கட்டும், சமாதானப் பேச்சில் எழுதியதைப் பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்டாமல் தடுப்பதற்கான வாசகம் அது. நட்டஈடு என்று காசு கேட்டால், இரண்டு பக்கச் செலவையும் அவரவர் பார்ப்பது என்று நில்லுங்கள்.

வொய்ஸை இப்போது அழிக்க வேண்டாம். 37 போன்களில் இருக்கிறது, அழித்தால் மறைத்தீர்கள் என்ற பழிதான் மிச்சம். போனையும் மாற்றாதீர்கள். குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறவும் வேண்டாம், அங்கே உங்களைப் பற்றி எழுதுவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றுக்கும் பதில் எழுதாதீர்கள்.

தம்பியின் பதிவு மட்டும் வேறு கதை. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கனடாவில் நேரம் என்னவென்று பார்க்காமல் இன்றைக்கே அழைப்பெடுத்து நீக்கச் சொல்லுங்கள். படத்தில் நிற்கும் அந்தப் பிள்ளையும் உங்கள் மகளோடு அதே வகுப்பில்தான் இருக்கிறாள்.