அந்தத் தொலைபேசி யாருடையது?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. நிண்டெண்டோ சுவிட்ச் 2 என்ற விளையாட்டுக் கருவி வேண்டுமென்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் என் கணவரின் தம்பி மார்கழியில் ஊருக்கு வருகிறார். அவரிடம் சொன்னால் வாங்கி வருவார், எங்களுக்குச் செலவில்லை. ஆனால் கையில் வைத்து விளையாடும் தனிக்கருவிகளின் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் தொலைபேசியில்தான் என்று கணவர் சொல்கிறார். இப்போதைக்குப் பிள்ளை, எங்களுடன் இருக்கும் மாமியின் கைத்தொலைபேசியில்தான் விளையாடுகிறான். மாமிக்கு அது ரொறன்ரோத் தம்பி அழைப்பு எடுக்கும்போது மட்டும்தான் தேவை. இந்தக் கருவிகளுக்கு எதிர்காலம் உண்டா? வாங்குவது புத்தியா?
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: பிள்ளைக்கு விளையாட்டுக் கருவி வாங்கலாமா என்று கேட்கும் கடிதங்கள் எனக்குக் குறைவின்றி வருகின்றன. கண் கெடுமா, படிப்புக் கெடுமா என்பதே அவற்றில் வழக்கமான கேள்வி. நீங்கள் கருவியின் எதிர்காலத்தைக் கேட்டிருக்கிறீர்கள்; அதற்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ‘மட்டும்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

மாமிக்கு அந்தத் தொலைபேசி ரொறன்ரோ மகன் அழைப்பு எடுக்கும்போது மட்டும்தான் தேவை என்கிறீர்கள். ரொறன்ரோவில் ஒருவர் வேலைக்குப் புறப்படுமுன் காலை எட்டு மணிக்குத் தாயை அழைத்தால், இங்கே மாலை ஐந்தரை; அங்கே பனிக்காலமென்றால் ஆறரை. பள்ளிக்கூடமும் ரியூசனும் முடிந்து வந்து உங்கள் மகன் அந்தத் தொலைபேசியைக் கையில் எடுப்பது எத்தனை மணிக்கு என்று நினைத்துப் பாருங்கள். விளையாட்டின் நடுவே அழைப்பு வந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை விரலால் தள்ளிவிட்டுத் தொடர்ந்து விளையாடுவான். பற்றரி தீர்ந்திருந்தால் அப்படியோர் அழைப்பு வந்ததே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாமி உங்களிடம் முறையிட்டிருக்கமாட்டார். பேரனைக் காட்டிக்கொடுக்கும் அப்பம்மாவை நான் இதுவரை சந்தித்ததில்லை.

கருவியை வாங்கி வரும்படி நீங்கள் கேட்கவிருப்பதும் அதே தம்பியைத்தான். தாயுடன் பேச முடியாமல் எத்தனை நாள் அவர் அழைப்பைத் துண்டித்தாரோ, அந்த மனிதரிடம், அவருடைய தாயின் தொலைபேசியைப் பிடித்து வைத்திருக்கும் பிள்ளைக்காக, அறிமுகமானபோதே கனடாவில் 629.99 கனேடிய டொலர் விலையிடப்பட்ட ஒரு பொருளைக் கேட்கப் போகிறீர்கள். அதை ‘செலவில்லை’ என்றும் எழுதுகிறீர்கள். வெளிநாட்டில் இருப்பவருடைய பணம் செலவுக் கணக்கில் சேராது என்ற எண்ணம் எங்கள் ஊரில் பழகிப்போன ஒன்று. எனக்கு அது பிடிப்பதில்லை. எல்லாம் தொலைபேசிக்குப் போய்விடும் என்று சொல்லும் உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை: போனது உங்கள் தாயின் தொலைபேசிக்கு.

1990இல் போரின்போது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது; பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அதில் பாட்டும் கேட்டோம், மறைக்கமாட்டேன். ஆனால் செய்தி நேரம் நெருங்கினால் ஐயா எங்களை அந்தப் பெட்டியின் பக்கமே விடமாட்டார். நாங்கள் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1989இல் வெளிவந்த நிண்டெண்டோவின் கேம்போய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி வேறு நாட்டுப் பிள்ளைகளின் கைகளில் நான்கு சிறிய பற்றரிகளில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அதை உருவாக்கிய குன்பெய் யோகோயின் குழு அதற்கு மலிவான, நன்கு பழகிய பாகங்களையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்தது. திரை மங்கலானது, நிறமும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த போட்டி நிறுவனமான சேகாவின் கேம் கியர் வண்ணத்திரையில் மின்னியது. ஆறு பற்றரிகளைச் சில மணித்தியாலங்களில் தின்று தீர்த்தது. வென்றது மங்கலான பெட்டிதான். அதன் பற்றரி தீர்ந்தால் விளையாட்டு நின்றது. வீட்டில் வேறெதுவும் நிற்கவில்லை. தனிக்கருவிக்காக நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய நியாயம் இதுவே.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. 2004இல் வந்த நிண்டெண்டோ டீஎஸ் என்ற கையடக்கக் கருவி 15 கோடியே 40 இலட்சம் விற்றது. பிறகு ஐபோன் வந்தது. பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்துக்காக விளையாடியவர்களைத் தொலைபேசி எடுத்துக்கொண்டது. 2011இல் அதற்கு அடுத்ததாக வந்த 3டீஎஸ் சில மாதங்களுக்குள்ளேயே 249.99 அமெரிக்க டொலரிலிருந்து 169.99க்கு இறக்கப்பட்டது. சொனி தன் வீட்டா கருவியின் உற்பத்தியை 2019இல் நிறுத்தியது. அதைப் பார்த்து முடிந்தது என்று சொன்னவர்கள், 2017இல் வந்த சுவிட்ச் 15 கோடியைத் தாண்டி விற்றதைக் கணக்கில் எடுக்கவில்லை. அது கையிலும் இருக்கும், தொலைக்காட்சியிலும் பொருந்தும். கணினி விளையாட்டுகளைக் கைக்குள் கொண்டுவந்த ஸ்டீம் டெக் 2022இல் வந்தது. சுவிட்ச் 2, 2025 ஜூன் 5இல் வெளியாகி, முதல் நான்கு நாட்களில் 35 இலட்சம் விற்றது. கைக்கென்றே பிறந்த இனம் சுருங்கியிருக்கலாம், ஆனால் இன்னும் பத்தாண்டுக்கு இவை கடையில் கிடைக்காமல் போகா என்றே நினைக்கிறேன்.

என் பயம் வேறிடத்தில் இருக்கிறது. 3டீஎஸ் கருவிக்கான இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. கருவி நல்ல நிலையில் இருந்தாலும் அங்கே புதிதாக ஒன்றையும் வாங்க முடியாது. சுவிட்ச் 2இல் ‘கேம் கீ கார்ட்’ என்று ஒரு வகை விளையாட்டு அட்டை வந்திருக்கிறது: அந்த அட்டையில் விளையாட்டு இராது, அதைத் திறக்கும் அனுமதி மட்டுமே இருக்கும், விளையாட்டை இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். கையடக்கத் தொலைபேசித் தரவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு அது பெரும் பாரம். ஆகவே, வாங்குவதானால் விளையாட்டு முழுவதும் அடங்கிய அட்டைகளை வாங்குங்கள். அவற்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுக்கவும் முடியும். சுவிட்ச் 2தான் வேண்டுமென்ற பிடிவாதமும் தேவையில்லை. கையில் வைத்து மட்டுமே விளையாடும் சுவிட்ச் லைட் 12 வயதுக்குப் போதும். அதற்கு வாங்கும் அட்டைகளில் பெரும்பாலானவை பின்னர் சுவிட்ச் 2இலும் ஓடும். பணத்தைத் தம்பியிடம் நீங்களே கொடுங்கள், ஒரேயடியாக முடியாவிட்டால் இரண்டு தவணையிலாவது.

இவையெல்லாம் மார்கழிக்கு. இன்று மாலைக்கான வேலை ஒன்று இருக்கிறது. தொலைபேசியிலுள்ள விளையாட்டுகளை உங்கள் மகனே அழிக்கட்டும். அதைச் சார்ஜ் செய்து, அழைப்பொலியைக் கூட்டி, அப்பம்மா இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் அவனே கொண்டுபோய் வைக்கட்டும். சித்தப்பா எடுக்கும்போது முதலில் பேசுபவர் அப்பம்மா. அவர் பேசி முடித்துத் தானாக நீட்டினால் பிள்ளை வாங்கிப் பேசலாம். அப்போது கருவியைப் பற்றி அவன் வாய் திறக்கட்டும், நீங்கள் திறக்க வேண்டாம்.