நகரத்தில் வாழ்ந்தும் இணையச் சேவைகளைப் பயன்படுத்த முடியாதவர்களுக்கு நாம் எப்படி உதவலாம்?

சென்னையில் பெரும்பாக்கம், கண்ணகி நகர் குடியிருப்புகளில் வார இறுதிகளில் இந்த வேலையைச் செய்துவரும் தன்னார்வலர்களில் ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம் அடுக்ககத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் காவலாளிகளுக்கும் கணினி வகுப்பு நடத்தினால் பயன் இருக்குமா என்றும் கேள்வி கேட்டவர் விசாரித்திருக்கிறார். வகுப்பைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அவர்கள் ஒவ்வொருவரின் கைபேசி எண்ணையும் சரிபார்த்துக் கொடுங்கள் என்பதே என் பதில்.

சென்னைக்குள் சிக்னல் கிடைக்காமல் தவிப்பவர்கள் மிகக் குறைவு. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, ஏழைக் குடும்பங்களிலும் ஒரு தொடுதிரைக் கைபேசியாவது இருப்பதைத்தான் நான் பார்க்கிறேன். "எனக்கு நெட்டெல்லாம் தெரியாதுப்பா" என்று சொல்லும் அம்மாவே யூடியூபில் பக்திப் பாடல் கேட்கிறார், பேத்திக்கு வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். ஆனால் வருமானச் சான்றிதழோ, ஆதார் முகவரி மாற்றமோ, வங்கி வேலையோ என்று வந்தால் ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்கும் இடத்தில் நின்றுவிடுகிறார். ஏனெனில் அந்த ஓடிபி அவர் கையில் இருக்கும் கைபேசிக்கு வருவதில்லை.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் இதை அடிக்கடி காண்கிறேன். ஆதார் எடுத்தபோது பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். வங்கியில் மகன் எண் இருக்கும். ரேஷன் அட்டையில், ரீசார்ஜ் செய்யாமல் போன பழைய எண் இருக்கும். 90 நாட்கள் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம், பிறகு அது வேறொருவருக்குப் போய்ச் சேரலாம் என்பதை இவர்களிடம் யாரும் சொன்னதில்லை. ஓர் அம்மாவுக்காக ஆதார் தளத்தில் ஓடிபி கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் அது காலாவதியாகிவிடும். எண்ணோ ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் மகனுடையது. "பையன் ஷிஃப்ட்ல இருக்கான் தம்பி, போனை உள்ளே எடுத்துட்டுப் போகக் கூடாதாம், ஆறு மணிக்கு மேலே கேட்டுச் சொல்றேன்" என்றார் அவர். இந்த நிலையில் கணினி வகுப்பு நடத்தி அவருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

ஆகவே, நீங்கள் உதவ நினைக்கும் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, ஆதார், வங்கி, ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் எந்த எண் இருக்கிறது, அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களில் தானாக மாறாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். ஆதாரில் கைபேசி எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் தேவையில்லை; ஆதார் மையத்துக்கு நேரில் சென்று விரல்ரேகை வைத்தால் போதும். நடமாட முடியாதவர்களுக்கு அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து மாற்றிக் கொடுக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. ரீசார்ஜ் செலவைப் பொறுத்தவரை, டேட்டா வேண்டாதவர்களுக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது. கடைக்காரர் தாமாக அதைக் காட்ட மாட்டார், கேட்டால்தான் வரும்.

எண் சரியாக இல்லாவிட்டால் நேரடி முகாம்கூட முழுப் பயன் தராது என்பதற்கு குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் உதவித்தொகை தர 2023இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டமே சான்று. ரேஷன் கடைக்காரர்கள் வீடு வீடாக விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்தார்கள், முகாமில் தன்னார்வலர்கள் விவரங்களைப் பதிவு செய்தார்கள், பெண்கள் விரல்ரேகை மட்டும் வைத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களை அந்த ஏற்பாடு சென்றடைந்தது. அரசு வேலைகளில் நான் கண்ட நல்ல முறைகளில் அது ஒன்று. ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாகத்தான் போனது, 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. செய்தி இன்னொருவர் கைபேசிக்குப் போனால் அந்தக் கெடு கடந்துபோனதுகூடத் தெரியாது.

எண் கைக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொடுப்பது. அப்போது கைபேசி அவர் கையிலேயே இருக்கட்டும். "குடுங்க அக்கா, நான் பண்ணித் தரேன்" என்று வாங்கிவிட்டால் வேலை ஒரு நிமிடத்தில் முடியும், அடுத்த மாதமும் உங்களையே தேடி வருவார். அவர் தட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆனாலும் பொறுத்திருங்கள். நான் முதலில் காட்டுவது, விளம்பரச் செய்திகளின் குவியலுக்குள் ஓடிபியைத் தேடி எடுப்பதும், 'மெமரி ஃபுல்' என்று நிற்கும் கைபேசியில் காலை வணக்கப் படங்களை நீக்குவதும்தான். தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லி வற்புறுத்துவதில்லை. விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாக வரும் வசதி 2017 முதலே கூகுளில் இருக்கிறது, குரல்பதிவு அனுப்பிப் பழகியவர்களுக்கு அது உடனே பிடிபடுகிறது.

பணம் அனுப்பும் செயலியைக் கடைசியாகக் காட்டுங்கள். பணம் பெறுவதற்கு 'பின் நம்பர்' (PIN) என்ற ரகசிய எண் தேவையே இல்லை, கேட்பவன் திருடன் என்பதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்த பிறகு காட்டுங்கள். ஏமாந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைக் கைபேசியிலும் சுவரிலும் எழுதி வையுங்கள். பின் நம்பரையும் கடவுச்சொல்லையும் உதவுபவர் தெரிந்துகொள்ளவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அவர் அதைத் தட்டும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் பழகாதவர்கள் இருப்பார்கள். பார்வை மங்கியவர்களும் கைநடுக்கம் உள்ளவர்களும் பழகித்தான் ஆக வேண்டும் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர்களும் பார்வையற்றவர்களும் கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முறையால் விடுபட்டுப்போன வழக்கில், இணையச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அலுவலகத்தில் "ஆன்லைன்ல போடுங்க" என்று திருப்பி அனுப்பினால், உடன் சென்று, மாற்று வழியைக் கேட்டு, மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கித் தருவதும் உதவிதான்.

இவ்வளவுக்கும் பிறகு வகுப்பு வேண்டும் என்றால் நடத்துங்கள். கணினி வேண்டாம், அவரவர் கைபேசியே போதும். ஐந்தாறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்குப் பகல் இரண்டு மணிக்கு மேல்தான் ஓய்வு, நான்கு மணிக்குப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் வையுங்கள். காவலாளிகளுக்கு ஷிஃப்ட் மாறும் நேரம் பார்த்துத் தனியாக வைக்க வேண்டியிருக்கும்.