நகையை அடகு வைத்து பழைய லேண்ட்மாஸ்டர் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, களுதாவளையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம், மிளகாயும் கத்தரியும் வைக்கிறோம். உழவுக்குக் கூலி மெசின் பிடிப்பதில் வருடத்துக்கு 60,000 ரூபாய் அளவில் போகிறது. செட்டிபாளையத்தில் ஒருவர் பழைய லேண்ட்மாஸ்டரை (இரண்டு சக்கர உழவு மெசின்) 450,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கையில் 300,000 இருக்கிறது, மிச்சத்துக்கு நகையை அடகு வைக்கலாமா? எஞ்சின் கல்லு மாதிரி என்று சொல்கிறார்.

பதில்: தங்கச்சி, நகையைத் தொடாதீர்கள், முதலில் ஒரு கணக்கு. வருடம் 60,000 மிச்சமானால் 450,000 திரும்பி வர ஏழரை வருடம், அதுவும் டீசல், ஒயில், அடகு வட்டி எதையும் சேர்க்காமல். அப்போ அந்த எஞ்சினுக்கு இன்னும் ஏழரை வருட ஆயுள் இருக்கிறதா என்பதுதான் உங்கள் காசுக் கேள்வியே. அதை விற்பவரின் வாய் சொல்லாது, எஞ்சினைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தாவது கூட்டிக்கொண்டு விடியவே போங்கள். "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள், போனதும் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள், ஏனென்றால் தேய்ந்த எஞ்சின் குளிரில்தான் அடம்பிடிக்கும், சூடானால் நல்ல பிள்ளையாகிவிடும்.

ஸ்டார்ட் பண்ணுமுன் டீசலை மூடிவிட்டு, டீகம்ப்ரஷன் லீவரை (எஞ்சின் அமுக்கத்தைத் திறந்துவிடும் பிடி) தூக்காமலே கைபிடியால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள் (மெக்கானிக் சுற்றட்டும், கைபிடி திருப்பி அடித்தால் கை போய்விடும்). கைபிடி ஓரிடத்தில் இறுகி, சுற்றுபவரின் கையைத் திருப்பித் தள்ள வேண்டும். இறுக்கமே இல்லாமல் லேசாகச் சுற்றினால் அமுக்கம் எங்கோ கசிகிறது. உஸ்ஸென்ற சத்தம் சைலன்சரில் கேட்டால் புகை வெளியேறும் வால்வு, ஏர் கிளீனர் பக்கம் கேட்டால் காற்று உள்ளே போகும் வால்வு, ஒயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் உருளையின் உள்சுவரான லைனரும். கடைசி ஒன்றுதான் பெரிய செலவு.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தால் பயமில்லை, சூடான பிறகும் நீலப்புகை விடாமல் வந்தால் அது ஒயிலைக் குடிக்கிறது. கறுப்புப் புகை அடைத்த ஏர் கிளீனராகவோ டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டராகவோ இருக்கலாம், அது சின்ன வேலையோடும் முடியலாம்.

எங்கள் கரையோர மணலில் நான் அதிகம் பயப்படுவது ஏர் கிளீனருக்குத்தான். அடியில் ஒயில் நிற்கும் வகை என்றால் கழற்றிப் பாருங்கள். ஒயில் இல்லாமல் காய்ந்து கிடந்தாலோ, சேறாக உறைந்திருந்தாலோ, அந்த எஞ்சின் மணல் தூளை இழுத்து லைனரை அரைத்திருக்க வாய்ப்பு அதிகம், வெளியே எவ்வளவு பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தாலும் சரி.

ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் மெசின் மூழ்கியதா என்று நேரடியாகக் கேளுங்கள், அக்கம்பக்கத்திலும் கேளுங்கள். அப்புறம் அரை மணித்தியாலமாவது கலப்பை பூட்டி உழுது பாருங்கள், சும்மா நின்று ஓடும்போது தெரியாத சூடும் பலவீனமும் மண்ணில் தெரியும். நிறுத்தி, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா என்றும் பாருங்கள்.

பதிவுப் புத்தகம் அவர் பெயரிலா, லீசிங் முடிந்துவிட்டதா, எஞ்சின் இலக்கம் பொருந்துகிறதா என்பதைப் பார்க்காமல் முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

சரி, காசுக்கு வருவோம். மெக்கானிக் சொல்லும் திருத்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். உங்கள் 300,000 இல் 50,000 ஐ திருத்தத்துக்கென்று தொடாமல் வையுங்கள், நாற்று நடும் நேரத்தில் மெசின் படுத்தால் அடகு வட்டியும் கட்டி கூலி மெசினும் பிடிக்கிற நிலை வரக்கூடாது. இன்னொன்று, ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் என்றால் எஞ்சின் நன்றாக இருந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் கணவர் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கூலிக்கு உழுது, வருடம் இன்னொரு 60,000 ஆவது கொண்டுவர முடியும் என்றால் ஏழரை வருடம் நாலு வருடத்துக்குள் வந்துவிடும், அப்போது நகையில் ஒரு சின்னப் பங்கை வைக்கலாம். அதற்கு ஆள் இருக்கிறதா என்று முதலில் நாலு தோட்டக்காரரிடம் பேசிப் பாருங்கள். இல்லையென்றால் இந்தப் போகமும் கூலி மெசினையே பிடியுங்கள், நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.