நல்ல கார் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

ஃபார்முலா 1 பந்தயங்களில் முன்னணி அணி ஒன்றில் இடம்பெறத் தகுதியுள்ள ஓட்டுநர்கள் யார் என்பது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. முன்னணி அணி என்று இங்கே குறிப்பிடுவது மெக்லாரன், மெர்சிடிஸ், ரெட் புல், ஃபெராரி ஆகிய நான்கையும். புள்ளிக் கணக்குகள் 2025 சீசன் முடிந்தபோது இருந்தவை.

கேள்வி: நடு வரிசை அணிகளில் ஓட்டுபவர்களுள் முன்னணி அணியில் இடம்பெறும் தகுதி யாருக்கு அதிகம்? புள்ளிப் பட்டியலைப் பார்த்தே அதைச் சொல்லிவிட முடியாதா?
*– திருச்சி வாசகர்*

முடியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் கேலியாகச் சொல்வதுண்டு. இந்த விளையாட்டில் கூடம் உண்மையாகவே கோணலாக இருக்கும். ஒவ்வோர் அணியும் தனக்கென ஒரு காரை வடிவமைத்துக்கொள்வதால், களத்தில் ஓடும் அத்தனை பேரில் ஒருவருக்குச் சமமான கார் வைத்திருப்பவர் அவருடைய அணியிலேயே இருக்கும் சக ஓட்டுநர் மட்டுமே. எனவே ஓர் ஓட்டுநரை அளக்க வேண்டுமானால் முதலில் அவருடைய சக ஓட்டுநருடன் வைத்துத்தான் அளக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2023-இல் வில்லியம்ஸ் அணி பெற்ற 28 புள்ளிகளில் 27 புள்ளிகளை அலெக்ஸ் ஆல்பன் ஒருவரே பெற்றார். லோகன் சார்ஜன்ட்டுக்குக் கிடைத்தது ஒன்று. இது ஆல்பனின் திறமையைக் காட்டுகிறதா, சார்ஜன்ட்டின் பலவீனத்தைக் காட்டுகிறதா என்பதை அந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சொல்லிவிட முடியாது.

2025-இல் கார்லோஸ் சைன்ஸ் வில்லியம்ஸுக்கு வந்த பிறகுதான் அதற்கு விடை கிடைத்தது. ஏனென்றால் சைன்ஸ் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட அளவுகோல். ஃபெராரியில் நான்கு ஆண்டுகள் சார்ல்ஸ் லெக்லெரின் பக்கத்தில் ஓட்டியவர் அவர். 2021-இல் 164.5 புள்ளிகளுடன் லெக்லெரை (159) முந்தினார். பிறகு வந்த மூன்று ஆண்டுகளிலும் பின்தங்கினாலும், 2023-இல் வித்தியாசம் ஆறு புள்ளிகள்தான். அப்படிப்பட்டவருக்கு எதிராக ஆல்பன் 2025-இல் 73 புள்ளிகள் பெற்றார், சைன்ஸ் 64. அஜர்பைஜானிலும் கத்தாரிலும் மூன்றாம் இடம் பிடித்து மேடையேறியவர் என்னவோ சைன்ஸ்தான். ஆல்பனுக்கு அந்த ஆண்டில் மேடை வாய்க்கவில்லை. புதிய காருக்குப் பழகச் சைன்ஸுக்குப் பாதி சீசன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இருவரும் ஏறத்தாழ ஒரே தரம் என்றுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்று நீங்கள் வற்புறுத்தினால் நான் சைன்ஸ் என்பேன். அதற்குக் காரணம் 2023 சிங்கப்பூர் பந்தயம். அந்த ஆண்டு ரெட் புல் வெல்லாத ஒரே பந்தயம் அதுதான். சைன்ஸ் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் லாண்டோ நோரிஸ். அவருக்கும் பின்னால் புதிய டயர்களுடன் இரண்டு மெர்சிடிஸ் கார்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. அப்போதைய விதிப்படி, முன்னே செல்லும் காருக்கு ஒரு விநாடி இடைவெளிக்குள் இருப்பவர் தமது காரின் பின்னிறக்கையைத் திறந்து நேர்ப்பாதையில் கூடுதல் வேகம் பெறலாம். விலகி ஓடியிருக்க வேண்டிய சைன்ஸ், வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, நோரிஸுக்கு அந்த வசதி கிடைக்கும்படி அவரைத் தம் முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டார். மெர்சிடிஸ் கார்களால் நோரிஸைக் கடக்க முடியவில்லை. ஆகவே சைன்ஸை எட்டவும் முடியவில்லை. மணிக்கு முந்நூறு கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில், தேய்ந்த டயர்களுடன், எதிராளியையே தமக்குக் காவலாக நிறுத்தத் தெரிந்த ஒருவரை ஃபெராரி அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே, லூயிஸ் ஹாமில்டனுக்கு இடம் தருவதற்காக, விலக்குவதாக முடிவு செய்தது. அந்த முடிவு வெளியான பிறகு, குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரமே கடந்திருந்த நிலையில், அவர் ஆஸ்திரேலியப் பந்தயத்தை வென்றார். அதற்குப் பிறகும் நான்கு முன்னணி அணிகளில் ஒன்றுகூட அவரை அழைக்கவில்லை.

கேள்வி: ரெட் புல் அணியில் இரண்டாவது ஓட்டுநராக வருகிற ஒவ்வொருவரும் தோற்றுத் திரும்புகிறார்களே, அவர்களெல்லாம் தகுதியற்றவர்களா?
*– மதுரை வாசகர்*

பியர் காஸ்லி 2019-இல் 12 பந்தயங்களுக்குப் பிறகு ரெட் புல்லின் இளைய அணியான டோரோ ரோஸோவுக்கு இறக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த ஆல்பன் 2020 முடிவில் நீக்கப்பட்டார். செர்ஜியோ பெரெஸ் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். லியாம் லாசனுக்கு 2025-இல் கிடைத்தவை இரண்டே பந்தயங்கள். அவருக்குப் பின் வந்த யூகி சுனோடாவும் அந்த ஆண்டு முடிவில் இடத்தை இழந்தார். ஐந்து பேரும் தகுதியற்றவர்கள் என்றால், அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் தகுதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கீழே இறக்கப்பட்ட காஸ்லி அதே ஆண்டு பிரேசிலில் டோரோ ரோஸோ காரில் இரண்டாம் இடம் பிடித்தார். 2020-இல் மோன்சாவில் வென்றே காட்டினார். ரெட் புல்லில் ஓட்டிய 12 பந்தயங்களில் அவருக்கு ஒரு மேடைகூடக் கிடைத்திருக்கவில்லை.

கார் ஒருவருடைய கைக்கு ஏற்றதாக வளர்ந்துவிட்டது என்பதே இதற்கு விளக்கம். ஸ்டியரிங்கை இலேசாகத் திருப்பிய கணமே காரின் முன்பகுதி திரும்ப வேண்டும், அதனால் பின்பகுதி அலைந்தாலும் பரவாயில்லை என்பது அணியின் முதல் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் விருப்பம். அவரே பட்டங்களை வென்று தருவதால் பொறியாளர்களும் அவர் வேகம் கூடும் திசையிலேயே காரைச் செதுக்கிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட காரில் பழகக் காலம் வேண்டும். ஆனால் 2009 முதல் சீசன் நடுவே சோதனை ஓட்டங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால், புதிதாக வருகிறவர் பந்தய வார இறுதியிலேயே, உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பழக வேண்டியிருக்கிறது. 2026-க்கு இந்த இடம் ஐசக் ஹஜாருக்குத் தரப்பட்டது. 2025-இன் முதல் பந்தயத்தில், பந்தயம் தொடங்குவதற்கு முன்பே, அணிவகுப்புச் சுற்றில் சறுக்கிச் சுவரில் மோதிக் கண்கலங்கி நின்றவர் அவர். அதே ஆண்டு ஸான்ட்ஃபோர்ட்டில் மூன்றாம் இடம் பிடித்தார். இடத்துக்குத் தகுதியானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த இடம் அவருக்குத் தகுதியானதா என்பது வேறு கேள்வி.

கேள்வி: ஒரே ஒரு பந்தயத்தை வைத்து ஓர் ஓட்டுநரின் தகுதியை முடிவு செய்வது நியாயமா?
*– சேலம் வாசகர்*

பொதுவாக நியாயமில்லை. ஆனாலும் 2020 டிசம்பரில் பஹ்ரைனில் நடந்த சாகிர் கிராண்ட் ப்ரீயை விலக்காகக் கொள்ளலாம். அன்று ஒரே இரவில் இரண்டு வழக்குகளில் தீர்ப்பு கிடைத்தது.

அப்போது மெர்சிடிஸில் இருந்த ஹாமில்டன் கொரோனா தொற்றால் ஓட்ட முடியாமல் போனதால், வில்லியம்ஸ் அணியில் அதுவரை ஒரு புள்ளிகூடப் பெறாத ஜார்ஜ் ரஸலை மெர்சிடிஸ் இரவல் வாங்கியது. உயரமானவராதலால் அவருடைய கால் அந்தக் காருக்குள் சரியாக அடங்கவில்லை. அளவு குறைந்த காலணியைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில், அணியின் மற்றோர் ஓட்டுநர் வால்டேரி போட்டாஸுக்கு 0.026 விநாடி மட்டுமே பின்தங்கினார். பந்தயம் தொடங்கியதும் அவரை முந்தி முன்னணிக்கும் வந்தார். பிறகு அணியே குழம்பிப் போட்டாஸின் டயர்களை ரஸலின் காரில் மாட்டிவிட்டது. அதைச் சரிசெய்து திரும்பி, மறுபடியும் முன்னேறிக்கொண்டிருந்தபோது டயர் பஞ்சராகி ஒன்பதாவதாக முடித்தார். 2022-இல் மெர்சிடிஸ் அவரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது.

அந்தப் பந்தயத்தை வென்றவர் பெரெஸ். முதல் சுற்றிலேயே லெக்லெர் இடித்ததில் கடைசி இடத்துக்குப் போய், அங்கிருந்து மீண்டு வந்து, தமது 190-ஆவது பந்தயத்தில் முதல் வெற்றியைப் பெற்றார். அடுத்த ஆண்டுக்கு அவருக்கு அணியே இல்லை என்பதுதான் அன்றைய நிலைமை. அவருடைய இடம் செபாஸ்டியன் வெட்டலுக்கு ஏற்கெனவே தரப்பட்டிருந்தது. சில நாள்களில் ரெட் புல் அவரை அழைத்தது. 2013-இல் மெக்லாரன் ஒரே ஆண்டில் வெளியே அனுப்பிய ஒருவருக்கு முன்னணி அணியின் கதவு இரண்டாம் முறை திறந்தது அபூர்வம். ஆல்பனுக்கும் அப்படித் திறக்க வேண்டும் என்று நான் எண்ணுவதற்கு இந்த முன்னுதாரணமும் ஒரு காரணம்.

கேள்வி: நிகோ ஹுல்கன்பெர்க்குக்குக் கடைசி வரை நல்ல கார் கிடைக்காமல் போனது அநியாயம் அல்லவா?
*– யாழ்ப்பாணம் வாசகர்*

அநியாயம்தான். 2010-இல், முதல் ஆண்டிலேயே, ஈரம் காய்ந்துகொண்டிருந்த பிரேசில் பாதையில் மற்ற எல்லோரையும் ஒரு விநாடிக்கு மேல் பின்தள்ளி முதலிடத்தில் தகுதி பெற்றார். அந்த ஆண்டு முடிந்ததும் வில்லியம்ஸ் அவரை அனுப்பிவிட்டு, வெனிசுவேலாவின் எண்ணெய் நிறுவனப் பணத்துடன் வந்த பாஸ்டர் மால்டொனாடோவைச் சேர்த்துக்கொண்டது. 2015-இல் போர்ஷே அணிக்காக லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பிறகும் ஃபார்முலா 1-இல் பெரிய அணி எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இலவு காத்த கிளி என்று அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த என் போன்றவர்கள் 2025 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் வாயடைத்துப் போனோம்: 19-ஆம் இடத்திலிருந்து கிளம்பி, சாபர் காரில், தமது 239-ஆவது பந்தயத்தில் மூன்றாவதாக வந்து முதன்முறை மேடையேறினார். அவ்வளவு காத்திருந்தவருக்குக் கிடைத்த கோப்பை லெகோ பொம்மைத் துண்டுகளால் செய்யப்பட்டிருந்தது என்பதை என்னவென்று சொல்ல! அவருக்கு முன்னணி அணி தகுந்த காலம் 2013, 2014. அந்தக் காலம் போய்விட்டது.

கேள்வி: முன்னணி அணிக்குப் போய்க் கெட்டவர்கள் உண்டா?
*– நாகர்கோவில் வாசகர்*

உண்டு. ஹைன்ஸ் ஹரால்டு ஃப்ரென்ட்ஸனை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் பட்டம் வென்ற டேமன் ஹில்லையே விலக்கி அவருக்கு, அப்போது முன்னணியில் இருந்த வில்லியம்ஸ் இடம் தந்தது. மிகச் சிறந்த காரில் 1997-இல் அவர் வென்றது இமோலா ஒன்றைத்தான். சக ஓட்டுநர் ஜாக் வில்நேவ் பட்டத்தையே வென்றார். 1999-இல் ஜோர்டான் என்ற சிறிய அணிக்கு வந்த ஃப்ரென்ட்ஸன் இரண்டு பந்தயங்களை வென்று பட்டப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தார். இணக்கமான சிறு குழுவில் மலர்ந்து பெரிய தொழிற்சாலையில் வாடுகிற சுபாவம் அவருக்கு. காஸ்லியும் அந்த வகை என்று எனக்குத் தோன்றுகிறது.

ழான் அலேசியின் கதை வேறு. 1990-இல் டிரெல் காரில் ஃபீனிக்ஸில் அயர்டன் சென்னாவுடன் மல்லுக்கட்டி இரண்டாம் இடம் பிடித்தவர். வில்லியம்ஸ் அழைத்தும் 1991-க்கு ஃபெராரியைத் தேர்ந்தார். வில்லியம்ஸ் அடுத்த ஆண்டே பட்டம் வென்றது. அலேசி தம் வாழ்நாளில் வென்றது 1995 கனடா பந்தயம் ஒன்றுதான்.

கேள்வி: ஃபார்முலா 2 பட்டம் வென்றவர்களுக்கு நேரடியாக வாய்ப்புத் தரக்கூடாதா?
*– சென்னை வாசகர்*

ஃபார்முலா 1-க்கு அடுத்த கீழ்ப்படியான ஃபார்முலா 2-இல் பட்டம் வென்றால், ஃபார்முலா 1 உரிமத்துக்கு வேண்டிய 40 புள்ளிகள் முழுதாகக் கிடைக்கும். இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 2021-இல் வென்ற ஆஸ்கர் பியாஸ்ட்ரி ஓராண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மெக்லாரனுக்கு வந்தார். 2022-இல் வென்ற ஃபெலிப் ட்ருகோவிச்சும் 2023-இல் வென்ற தியோ பூர்ஷேரும் மாற்று ஓட்டுநர்களாகவே காலம் கழித்தார்கள். ஆனால் ஃபார்முலா 2 பட்டம் வெல்லாத கிமி ஆன்டனெல்லி 18 வயதில் நேரே மெர்சிடிஸில் ஏறினார். பட்டத்தைவிட, சிறு வயதிலேயே எந்த அணியின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தோம் என்பதும், அங்கே எப்போது இடம் காலியாகிறது என்பதும் பெரிதாகிவிட்டன.

கேள்வி: நாராயண் கார்த்திகேயனுக்கு நல்ல கார் கிடைத்திருந்தால்?
*– கோயம்புத்தூர் வாசகர்*

உங்கள் ஊர்க்காரர் என்பதால் கூட்டிச் சொல்ல மாட்டேன். 2005-இல் அவருக்குக் கிடைத்த ஜோர்டான், வரிசையின் கடைசியில் ஓடிய கார். ஆறே கார்கள் ஓடிய இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். சக ஓட்டுநர் டியாகோ மொன்டெய்ரோ மூன்றாவதாக வந்தார். வேகத்தில் குறைவில்லை. முன்னணி அணியைக் கேட்கும் அளவுக்குச் சான்று சேருமுன் அவருடைய வாய்ப்பு முடிந்துவிட்டது.

கேள்வி: அடுத்து யார்?
*– தஞ்சாவூர் வாசகர்*

ஆலிவர் பியர்மன். 2024-இல் ஜெட்டாவில், சைன்ஸ் அறுவை சிகிச்சைக்குப் போனபோது, 18 வயதில் திடீரென்று ஃபெராரியில் அமர்த்தப்பட்டு ஏழாவதாக முடித்தவர். 2025-இல் ஹாஸ் காரில் மெக்ஸிகோவில் நான்காவதாக வந்தார். குறை என்னவென்றால் அவசரம். சில்வர்ஸ்டோனில், ஓட்டத்தை நிறுத்தச் சிவப்புக் கொடி காட்டப்பட்ட நேரத்தில், கார்கள் அணிக் கூடத்துக்குத் திரும்பும் பிட் பாதைக்குள் வேகமாக நுழைந்து சுவரில் மோதித் தொடக்க வரிசையில் பத்து இடம் பின்னுக்குத் தள்ளப்பட்டார். அந்த ஆண்டிலேயே அவருடைய உரிமத்தில் தண்டப் புள்ளிகள் பத்து வரை ஏறின. பன்னிரண்டு ஆனால் ஒரு பந்தயத்தில் ஓட்டத் தடை. ஃபெராரியில் இடம் காலியாகும் நாளில் முதலில் எழ வேண்டிய பெயர் அவருடையதுதான். அதற்குள் பிட் பாதைக்குள் நிதானமாக நுழையப் பழகிக்கொள்ளட்டும்.