வீட்டுல காபி போட விலை கம்மியா ஒரு ஃப்ரெஞ்ச் பிரஸ் வாங்கணும், எதைப் பார்த்து வாங்கறது?

விலை கம்மியானதே தாராளமா போதும்ங்க, ஏன்னா இதுல மோட்டாரும் கிடையாது ஹீட்டரும் கிடையாது, ஒரு ஜாடி, ஊறின காபித்தூள கீழ அமுக்க ஒரு கம்பி, அது அடியில ஒரு வலை, அவ்ளோதான். காசு கூடக் கொடுத்தா பளபளப்புதான் கூடும், டேஸ்ட் பெருசா மாறாது.

நான் முதல்ல பார்க்கறது அந்த வலையத்தான். கம்பி நுனிய திருகுனா வலை, தட்டு எல்லாம் தனித்தனியா கழண்டு வரணும், வரலைன்னா உள்ள தூள் சிக்கி கொஞ்ச நாள்ல சிக்கு வாடை அடிக்க ஆரம்பிச்சுடும். வலையோட விளிம்பு சுத்திலும் ஜாடிய ஒட்டி இறங்குதான்னும் பாருங்க, சந்து இருந்தா கப்புல மண்டிதான்.

கண்ணாடின்னா போரோசிலிகேட்டா இருக்கட்டும், சூட்டுக்குத் தாங்கும். ஆனா இடிச்சா உடையத்தான் செய்யும்! என்னோட முதல் பிரஸ் கழுவும்போது குழாய்ல இடிச்சு போச்சு, மாத்து கண்ணாடி கிடைக்காம மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன். அதனால கண்ணாடி தனியா விக்கிறாங்களான்னு பார்த்துட்டு வாங்குங்க, கை நழுவுற ஆளுன்னா ஸ்டீல்தான் சரி.

சைஸ்ல ஏமாந்துடாதீங்க, 8 கப்னு போட்டிருந்தா சுமார் 1 லிட்டர்தான், அவங்க கணக்குல ஒரு கப் 120 மில்லி கிட்டதான் வரும்.

மிச்சமாகுற காசுல காபிக்கொட்டை அரைக்க ஒரு கை கிரைண்டர் வாங்கிடுங்க. தூள் கல்லுப்பு மாதிரி கொரகொரன்னு இருக்கணும், 15 கிராம் தூளுக்கு 225 மில்லி சுடுதண்ணி, 4 நிமிஷம் ஊறவிட்டு கம்பிய அழுத்துங்க. கம்பி இறங்காம அடம் பிடிச்சா தூள் ரொம்ப நைஸ்னு அர்த்தம், பலமா அழுத்தாதீங்க, சூடா மேல தெறிக்கும்.